மஸில்லோடர் துப்பாக்கி: சுடுபவர்கள், செய்பவர்கள், சொல்லித்தருபவர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஸில்லோடர் என்றால் எந்தத் துப்பாக்கி? நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிதானா?

அதே இனம்தான். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, மேலே ஈயக்குண்டை வைத்து, நீளக் கம்பியால் அடிவரை இடித்து இறக்கிச் சுடுகிற துப்பாக்கி. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்று வருவது பெரும்பாலும் இந்த வகையே. இலங்கைத் தமிழர்கள் இதை ‘இடியன் துவக்கு’ என்பார்கள். இடித்து நிரப்புவதால் இடியன். இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரிந்து எந்த மொழியிலும் இல்லை. ஆனால் இந்தப் பக்கம் பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியது என்பதால் அங்கே காதில் விழும் ‘மஸில்லோடர்’ என்ற சொல்லையே எழுதுகிறேன்.

மருந்துக்கு எப்படி நெருப்பு வைக்கிறோம் என்பதை வைத்து முக்கியமாக மூன்று வகை உண்டு. முதலாவது, கனன்றுகொண்டிருக்கும் திரியைக் கொண்டு பற்றவைக்கும் திரித் துப்பாக்கி. அடுத்து வந்தது சிக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கும் துப்பாக்கி. மூன்றாவதில், சுத்தியல் போன்ற ஓர் உறுப்பு சிறிய செப்புக் கேப்பின் மேல் விழுந்து வெடிக்கவைக்கும். தீபாவளிக்குப் பிள்ளைகள் சுடும் ரோல் கேப் ஞாபகம் வருகிறதா? வேலை அதே வேலை. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கேப் வந்து கல்லை ஓரங்கட்டியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள், பின்பக்கம் தோட்டா செருகும் துப்பாக்கி வந்து இந்த மூன்றையும் ஓரங்கட்டிவிட்டது.

ஒரு குண்டு சுட எவ்வளவு வேலை இருக்கிறது?

நிறைய. அதனால்தான் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

50 காலிபர் கல் துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழலின் உள்விட்டம் அரை அங்குலம். துப்பாக்கியை வாய் மேலே பார்க்க நிறுத்தி, மருந்துக் கொம்பிலிருந்து (மருந்து வைத்திருக்கும் மாட்டுக் கொம்பு) ஒரு சிறிய அளவைக் குப்பியில் மருந்தை அளக்க வேண்டும். 60 அல்லது 70 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 4 முதல் 4.5 கிராம். கொம்பிலிருந்து நேரே குழலுக்குள் கொட்டக்கூடாது. முந்தைய வெடியின் பொறி ஏதாவது உள்ளே மிச்சம் இருந்தால், அந்தச் சிறு அளவு மட்டும் பற்றிக்கொண்டு போகட்டும். கொம்பு முழுவதும் கையில் வெடிக்க வேண்டாம். இந்த ஒரு பழக்கம் எத்தனை விரல்களைக் காப்பாற்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து, கொழுப்போ எண்ணெயோ தடவிய பருத்தித் துணித்துண்டு. அதைக் குழல் வாயில் விரித்து, நடுவில் 0.490 அங்குல ஈயக்குண்டை வைத்து அழுத்த வேண்டும். குண்டுக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைத் துணி அடைத்துக்கொள்ளும். ரைஃபிள் குழலின் உட்புறத்தில் திருகலான வரிகள் வெட்டியிருப்பார்கள். துணி அந்த வரிகளைப் பற்றிக்கொண்டு போவதால் குண்டு சுழன்றபடி வெளியே பாய்கிறது. சுழல்வதால் நேராகப் போகிறது.

அப்புறம் கம்பியால் குண்டை அடிவரை இறக்க வேண்டும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி விட்டால் குழல் வீங்கலாம், பிளக்கவும் செய்யலாம். அதனால் பழகியவர்கள் கம்பியில் ஒரு கோடு போட்டு வைத்திருப்பார்கள். கோடு குழல் வாய்க்குச் சரியாக வந்து நின்றால் குண்டு உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு முறை நிரப்பிவிட்டோமா என்பதும் அந்தக் கோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கடைசியாக, குழலுக்கு வெளியே பக்கவாட்டில் உள்ள சிறு தட்டில் ஒரு சிட்டிகை நைஸ் மருந்து. விசையை இழுத்தால் கல் எஃகில் மோதும், பொறி தட்டில் விழும், தட்டு பற்றும், அந்த நெருப்பு ஊசித்துளை வழியாக உள்ளே போகும். பிறகுதான் வெடி. கண்ணுக்கு நேரே தட்டு பற்றியெரியும் அந்த நொடிப்பொழுதில் உடம்பு ஆடாமல் நிற்க வேண்டும். கல் துப்பாக்கிக்காரரின் திறமை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நவீனத் துப்பாக்கியில் நன்றாகச் சுடுகிற பலருக்கு இந்த இடத்தில் தோள் துள்ளிவிடும்.

வெடித்ததும் வெண்புகை கிளம்பும். கந்தகத்தின் அழுகிய முட்டை வாடை அடிக்கும். புகை விலகிய பிறகுதான் குறியில் பட்டதா என்று பார்க்க முடியும்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் இன்னும் சுடுகிறார்கள்? அருங்காட்சியகத்தில் வைத்துப் பார்த்தால் போதாதா?

போதாது என்பதே என் உறுதியான எண்ணம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் துப்பாக்கி அதன் நீளம், எடை, வேலைப்பாடு ஆகியவற்றைச் சொல்லும். துணி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும், கல்லை எந்தக் கோணத்தில் தோல் சுற்றிப் பூட்ட வேண்டும், மழைநாளில் தட்டு மருந்தை எப்படிக் காப்பது என்பதையெல்லாம் அது சொல்லாது. அந்த அறிவு கையில் இருக்கிறது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால் மட்டுமே உயிரோடு இருக்கும். ஒரு தலைமுறை விட்டுவிட்டால் மறுபடி புத்தகத்தைப் பார்த்து எடுப்பது பெரும்பாடு. இந்தப் பக்கத்தில் வரும் ஒவ்வொரு அமைப்பையும் அந்தக் கண்ணோட்டத்தோடுதான் பார்க்கிறேன்: எத்தனை கைகளுக்கு மாற்றிக்கொடுக்கிறது?

இதற்கென்று சங்கம் எப்போது தொடங்கியது?

1931-இல் ஒஹையோ ஆற்றங்கரை ஊரான போர்ட்ஸ்மவுத்தில், ஒஹையோ மாநிலத்தில், பழைய ரைஃபிள்களுக்கென்று ஒரு போட்டி நடந்தது. அந்த வட்டாரத்தில் தாத்தா காலத்துத் துப்பாக்கி இருந்த வீடுகளும் சுடத் தெரிந்த முதியவர்களும் அப்போது இன்னும் இருந்தார்கள். இந்தக் கூட்டத்திலிருந்து 1933-இல் பிறந்ததுதான் நேஷனல் மஸில் லோடிங் ரைஃபிள் அசோசியேஷன். சுருக்கமாக என்.எம்.எல்.ஆர்.ஏ. 1939-இலிருந்து ‘மஸில் பிளாஸ்ட்ஸ்’ என்ற இதழையும் நடத்திவருகிறது.

காலம் முக்கியம். இன்னும் முப்பது வருடம் தாமதித்திருந்தால், கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த முதியவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

சங்கத்தின் தலைமையிடம் இண்டியானா மாநிலத்தின் தென்கிழக்கில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற மிகச் சிறிய ஊரில் இருக்கிறது. அங்குள்ள சுடுகளத்துக்கு வால்டர் கிளைன் என்பவரின் பெயர். டென்னசியின் சட்டனூகா நகரத்துப் புகைப்படக்காரர் அவர். மஸில்லோடர்களைப் பற்றித் தேடித்தேடி எழுதிவைத்தவர்.

ஃப்ரெண்ட்ஷிப்பில் என்ன நடக்கிறது?

ஆண்டுக்கு இரண்டு தேசியப் போட்டிகள்: ஜூனில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு வாரத்துக்கு மேல் நீளும். ரைஃபிள், கைத்துப்பாக்கி, பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ஷாட்கன், நின்று சுடுவது, மேசையில் தாங்கிச் சுடுவது என்று பல பிரிவுகள். கத்தியும் கைக்கோடாலியும் எறியும் போட்டியும் உண்டு. பழங்கால முகாம் என்று தனியே ஓர் இடம் இருக்கிறது. அங்கே துணிக்கூடாரமும் பழைய பாணி உடுப்பும்தான். பக்கத்திலேயே பெரிய சந்தை கூடும். அந்த நாட்களில் ஊரின் மக்கள்தொகை பல மடங்காகிவிடும். திருவிழாவுக்கு மட்டும் நிரம்புகிற நம் ஊர்க் கோயில் கிராமங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லோரும் ஃப்ரெண்ட்ஷிப்புக்குப் போக முடியாது. அதனால் சங்கம் நாடெங்கும் உள்ளூர் கிளப்களை இணைத்துக்கொள்கிறது. வட்டாரப் போட்டிகளும் நடக்கின்றன. உண்மையில் புது ஆட்கள் உள்ளே வருவது இந்தச் சின்ன கிளப்கள் வழியாகத்தான். மாதம் ஒரு ஞாயிறு, இருபது பேர், ஒரு காபி ஃபிளாஸ்க்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்களா? துப்பாக்கியும் பிள்ளைகளும் என்றாலே பயமாக இருக்கிறதே.

பயம் நியாயமானதுதான். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் துயரங்களை அறிந்த எந்தப் பெற்றோருக்கும் இந்தத் தயக்கம் வரும். அதனால் நடைமுறை என்ன என்று பார்ப்போம்.

4-ஹெச் என்பது மாநில வேளாண் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பிரிவு நடத்தும் இளையோர் அமைப்பு. கன்றுக்குட்டி வளர்ப்பு, தையல், தோட்டம் போல சுடுதல் விளையாட்டும் அதில் ஒரு பாடம். மஸில்லோடர் அதற்குள் ஒரு தனிப் பிரிவு. சாரணர் இயக்கத்திலும் ரைஃபிள் தகுதிப் பட்டயத்துக்கு மூன்று வழிகள் உள்ளன: தோட்டா ரைஃபிள், காற்று ரைஃபிள், மஸில்லோடர். மஸில்லோடரைத் தேர்ந்தெடுத்தால் அதற்கென்றே சான்று பெற்ற பயிற்றுநர் உடன் இருந்தாக வேண்டும். என்.எம்.எல்.ஆர்.ஏ.வும் தேசிய ரைஃபிள் சங்கமும் சேர்ந்து ரைஃபிள், கைத்துப்பாக்கி, ஷாட்கன் என்று தனித்தனியாகப் பயிற்றுநர்களை உருவாக்குகின்றன.

சிறுவர்களுக்குச் சுடக் கற்றுத்தருவதாக இருந்தால், தொடங்க வேண்டிய துப்பாக்கி இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு வெடிக்கு ஒரு குண்டு. அடுத்த குண்டுக்கு ஒன்றிரண்டு நிமிடம் நின்று நிதானமாக வேலை செய்ய வேண்டும். ஒரு படி தவறினால் வெடிக்காமல் போகலாம், ஆபத்தாகவும் முடியலாம். படபடப்புக்கும் வேகத்துக்கும் இங்கே இடமே இல்லை.

கல்லூரி அளவில் ஒரு வேடிக்கையான மரபும் உண்டு. வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் அடையாள வேடமான ‘மவுன்டனீர்’, மான்தோல் உடுப்பும் மஸில்லோடருமாக அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு வருவார். அவர்கள் அணி புள்ளி எடுத்தால் குண்டில்லாமல் வெறும் மருந்தை மட்டும் போட்டுச் சுடுவார்.

வெடிக்காமல் போனால் என்ன செய்வது? பயிற்சியில் வேறு என்ன பாதுகாப்பு விதிகள்?

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் துப்பாக்கியை இறக்கக்கூடாது. வாய் குறிப்பலகையைப் பார்த்தபடியே குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். உள்ளே எங்கோ கனன்று, தாமதித்து வெடிப்பது உண்டு.

நவீனத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை இதில் ஒருபோதும் போடக்கூடாது. அதன் அழுத்தத்தைப் பழைய பாணிக் குழல் தாங்காது, பிளந்துவிடும். எல்லாப் பயிற்றுநரும் முதல் வகுப்பில் முதலில் சொல்வது இதைத்தான். மருந்து இருக்கும் இடத்தில் சிகரெட் கிடையாது. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு கட்டாயம். கல் துப்பாக்கியில் தட்டுத் துளையிலிருந்து பக்கவாட்டில் நெருப்பு பாயும் என்பதால் சுடுபவரின் வலப்பக்கத்தில் ஒட்டி நிற்கக்கூடாது.

சுட்டு முடித்த அன்றே கழுவிவிட வேண்டும். கருமருந்து, அதாவது இதில் போடும் பழைய பாணி வெடிமருந்து, விட்டுச்செல்லும் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். இதற்கு விலையுயர்ந்த திரவம் எதுவும் தேவையில்லை. சோப்பும் வெந்நீரும் போதும். கழுவி, துடைத்து, எண்ணெய் பூசி வைப்பதுதான் காலங்காலமாக இருக்கும் முறை.

துப்பாக்கி செய்யும் கைத்தொழில் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. என்னை மிகவும் ஈர்த்த பகுதி இதுதான்.

18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில், குறிப்பாக லங்காஸ்டர் பக்கம், ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் குடியேறிய கொல்லர்கள் ஒரு புது ரைஃபிளை உருவாக்கினார்கள். தங்கள் ஊரின் குட்டையான வேட்டைத் துப்பாக்கியை நீட்டி, குழலை 40 அங்குலத்துக்கும் மேலாக்கி, குண்டைச் சிறிதாக்கி, அலையலையாக ரேகை ஓடும் மேப்பிள் மரத்தில் கட்டை போட்டார்கள். கென்டக்கி ரைஃபிள் என்று புகழ்பெற்றதும் இதுவே. 2014-இல் பென்சில்வேனியா இதைத் தன் மாநிலத் துப்பாக்கியாகவே அறிவித்தது.

அந்தக் கொல்லர்கள் போன பிறகு, இரும்புப் பட்டையை உலையில் காய்ச்சிச் சுருட்டிக் குழலாக அடித்து, கையால் துளைத்து, வரி வெட்டி, விசைப்பொறியையும் தானே அராவி, கட்டையையும் தானே செதுக்கி ஒரு முழு ரைஃபிளைச் செய்யும் ஆள் இல்லாமல் போனது. வர்ஜீனியாவின் கொலோனியல் வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய நகரில், 1960-களில் வாலஸ் கஸ்லர் என்ற துப்பாக்கிக் கொல்லர் அதை மீண்டும் செய்துகாட்டினார். பழைய துப்பாக்கிகளில் இருந்த கருவித் தழும்புகளைப் படித்துப் படித்து, எந்த அரம் எங்கே ஓடியது என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு படியையும் மீட்டெடுத்தார். அந்த வேலை முழுவதும் படமாகவும் பதிவானது. வில்லியம்ஸ்பர்க்கில் துப்பாக்கிப் பட்டறை இன்றும் இயங்குகிறது. பல ஆண்டுகள் எடுபிடியாக நின்று கற்கும் பழைய குருகுல முறைதான் அங்கே.

அப்படி ஆண்டுக்கணக்கில் கற்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. கென்டக்கியின் பவுலிங் கிரீனில் உள்ள வெஸ்டர்ன் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் என்.எம்.எல்.ஆர்.ஏ. துப்பாக்கித் தொழில் பயிலரங்கை நடத்திவந்திருக்கிறது. தேர்ந்த கைவினைஞர்களிடம் சில நாட்கள் கூடவே உட்கார்ந்து, கட்டை செதுக்குவது, பித்தளை வார்ப்பது, வெள்ளிப் பதிப்பு, செதுக்கு வேலை என்று ஏதாவது ஒன்றைக் கற்கலாம். 1996-இல் தொடங்கிய கன்டெம்பரரி லாங்ரைஃபிள் அசோசியேஷன் என்ற அமைப்பு, இன்று புதிதாகச் செய்யும் கைவினைஞர்களுக்கானது. கென்டக்கியின் லெக்சிங்டனில் ஆண்டுதோறும் அவர்கள் கண்காட்சி நடக்கிறது. அங்கே துப்பாக்கி மட்டுமல்ல, மருந்துக் கொம்பு, தோல் பை, கத்தி, மணி வேலை செய்பவர்களும் வருவார்கள். ஒரு மருந்துக் கொம்பைச் சுரண்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்கி, அதில் வரைபடம் கீறுவது தனிக்கலை.

ஸ்தபதியின் பட்டறையில் உளி பிடித்துக் கற்கும் பையனைப் பார்த்திருப்பவர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத் துப்பாக்கிகளுக்குத் தனி அமைப்பு உண்டா?

உண்டு. 1950-இல் தொடங்கிய நார்த்-சவுத் ஸ்கிர்மிஷ் அசோசியேஷன். வர்ஜீனியாவின் வின்செஸ்டர் அருகே ஃபோர்ட் ஷெனன்டோவா என்ற சொந்தக் களம் வைத்திருக்கிறார்கள். அணிக்கு எட்டு பேர். ஒவ்வோர் அணியும் 1861–65 போரில் இருந்த ஏதாவது ஒரு படைப்பிரிவின் பெயரும் சீருடையும் பூண்டிருக்கும். களிமண் தட்டுகள், ஓடுகள் போல உடையும் பொருள்கள்தான் குறி. எந்த அணி குறைந்த நேரத்தில் எல்லாவற்றையும் உடைக்கிறதோ அது வெற்றி. எதிரியாகப் பாவித்து யாரையும் நோக்கிச் சுடுவதில்லை. போர்க்காட்சி நடிப்பு வேறு, இது வேறு.

‘ராண்டேவூ’ என்கிறார்களே, அது என்ன?

1825 முதல் 1840 வரை ராக்கி மலைகளில், பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கைத் தோலுக்காகப் பிடிப்பவர்களும் வணிகர்களும் பழங்குடிகளும் கோடையில் ஓரிடத்தில் கூடிப் பண்டமாற்று செய்தார்கள். அந்தக் கூடலின் பெயர் ராண்டேவூ. இன்று அதே பெயரில் நடக்கும் முகாம்களில் 1840-க்கு முந்தைய பொருள்களுக்கு மட்டுமே அனுமதி. கூடாரம் துணியாலானது, சமையல் விறகில், துப்பாக்கி மஸில்லோடர். குடும்பத்தோடு வருவார்கள். துப்பாக்கியில் ஆர்வமே இல்லாமல் ஆடை தைப்பதற்காகவும் தீ மூட்டுவதற்காகவும் வருபவர்களும் உண்டு.

உலக அளவில் போட்டி இருக்கிறதா?

எம்.எல்.ஏ.ஐ.சி. என்ற சர்வதேசக் குழு 1971 முதல் இதை ஒருங்கிணைக்கிறது. ஈராண்டுக்கு ஒருமுறை உலகப் போட்டி. பெரும்பாலான பிரிவுகளில் 30 நிமிடத்தில் 13 குண்டுகள் சுடலாம். சிறந்த பத்தின் புள்ளிகள் மட்டும் கணக்கு. உண்மையான பழந்துப்பாக்கிக்கும் இன்று செய்த மறுபடைப்புக்கும் தனித்தனிப் பட்டியல்.

இந்தப் போட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது பிரிவுகளின் பெயர்கள். 25 மீட்டரில் கல் கைத்துப்பாக்கி சுடும் பிரிவுக்கு ‘கோமினாஸோ’ என்று பெயர். இத்தாலியின் கார்டோனே ஊரில் குழல் அடிப்பதில் புகழ்பெற்ற குடும்பம் அது. கேப் கைத்துப்பாக்கிப் பிரிவு ‘கூகன்ராய்ட்டர்’, ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் கொல்லர் குடும்பத்தின் பெயர். கல் ஷாட்கன் பிரிவு லண்டன் துப்பாக்கிக் கொல்லர் மான்டன் பெயரில். 100 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவு, அறுகோணத் துளையுள்ள ரைஃபிளைச் செய்த ஜோசப் விட்வொர்த் பெயரில். கொல்லர்களின் பெயர்கள் ஒவ்வொரு போட்டியிலும் ஒலிபெருக்கியில் ஒலிக்கின்றன. எத்தனை விளையாட்டுகளில் கருவி செய்தவருக்கு இந்த மரியாதை கிடைத்திருக்கிறது?

50 மீட்டரில் நின்றபடி திரித் துப்பாக்கி சுடும் பிரிவின் பெயர் ‘தனேகஷிமா’. அது ஜப்பானின் தெற்கில் உள்ள ஒரு தீவு. 1543-இல் போர்ச்சுகீசியர் அங்கே கரையிறங்க, தீவின் தலைவர் தோகிதகா இரண்டு துப்பாக்கிகளை வாங்கி ஊர்க் கொல்லரிடம் கொடுத்து இதைப் போலச் செய் என்றார். சில பத்தாண்டுகளில் ஜப்பான் முழுக்கத் துப்பாக்கி பரவியது. மண்டியிட்டுச் சுடும் பிரிவுக்கு ‘ஹிசதாய்’, திரிக் கைத்துப்பாக்கிக்கு ‘தன்சுத்சு’ என்று அவையும் ஜப்பானியப் பெயர்களே.

கார்டோனே இன்றும் இந்த விளையாட்டின் முதுகெலும்பு. 1950-களின் பிற்பாதியிலிருந்து அங்குள்ள பட்டறைகள் மறுபடைப்புத் துப்பாக்கிகளைச் செய்து உலகெங்கும் அனுப்புகின்றன. பழந்துப்பாக்கிக்குக் கொடுக்கக் காசில்லாத சாதாரண ஆள் இந்த விளையாட்டுக்குள் வர முடிந்தது அதனால்தான்.

வேட்டையோடு இதற்கு என்ன தொடர்பு?

பெரிய தொடர்பு. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டைக்கு மஸில்லோடருக்கென்று தனிப் பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள். பென்சில்வேனியா இன்னும் ஒரு படி மேலே போய், 1974-இல் கல் துப்பாக்கிக்கு மட்டும் என்று ஒரு பருவத்தைத் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் அந்தப் பருவத்தில் கேப் துப்பாக்கிக்கே இடமில்லை. பனியில், ஈரத்தில், கல் பொறியை நம்பி ஒரே ஒரு குண்டோடு காட்டுக்குள் போக வேண்டும்.

1985-இல் டோனி நைட் என்பவர் எம்கே-85 என்ற ‘இன்லைன்’ மஸில்லோடரைக் கொண்டுவந்தார். பற்றவைக்கும் கேப் குழலுக்கு நேர் பின்னால் உட்காரும். தொலைநோக்கியும் பொருத்தலாம். பார்க்க நவீன ரைஃபிள் போலவே இருக்கும். அதன்பின் மஸில்லோடர் பருவத்தில் காட்டுக்குப் போகும் பெரும்பாலோர் அதைத்தான் எடுத்துப்போகிறார்கள். விலங்குக்கு வலி குறையும் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மரபைக் காக்க என்று ஒதுக்கிய பருவத்தில் மரபே காணாமல் போவது எனக்கு வருத்தம்தான். பென்சில்வேனியாவின் விதி எவ்வளவு தொலைநோக்குள்ளது என்பது இதைப் பார்க்கும்போது புரிகிறது: சட்டத்தில் எழுதிய ஒரு வரியால், கல் செதுக்குபவருக்கும் விசைப்பொறி செய்பவருக்கும் ஐம்பது ஆண்டுகளாக வேலை இருந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்று. 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் ஒரு வரி பிடிக்கிறார்கள். அந்தப் பணம் மாநிலங்களுக்குப் போய் வனவிலங்குப் பாதுகாப்புக்கும், வேட்டைப் பயிற்சி வகுப்புகளுக்கும், பொதுச் சுடுகளங்களுக்கும் செலவாகிறது.

கருமருந்து எங்கிருந்து வருகிறது?

75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம்: நூற்றாண்டுகளாக மாறாத கலவை. ஐரோப்பியப் போர்களுக்கான வெடியுப்பில் பெரும்பங்கு ஒரு காலத்தில் பீகாரின் பாட்னா வட்டாரத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் போனது.

கடையில் கிடைப்பது மணியின் அளவை வைத்துப் பிரித்திருக்கும்; எஃப் என்ற எழுத்து கூடக்கூட மணி பொடியாகும். இரண்டு எஃப் பெரிய ரைஃபிளுக்கு, மூன்று எஃப் சிறியதற்கும் கைத்துப்பாக்கிக்கும், நான்கு எஃப் கல் துப்பாக்கியின் தட்டுக்கு. வீட்டில் கலந்து பார்க்கும் எண்ணமே வேண்டாம். சிவகாசியை அறிந்த நமக்கு அதன் விலை தெரியும்.

2021 செப்டம்பரில் இந்த உலகமே அதிர்ந்தது. அமெரிக்காவில் விளையாட்டுக்கான கருமருந்து செய்துகொண்டிருந்த கடைசி ஆலையான, லூசியானாவின் மின்டன் அருகே இருந்த கோயெக்ஸை மூடப்போவதாக அதன் உரிமையாளரான ஹாஜ்டன் நிறுவனம் அறிவித்தது. மருந்து இல்லையென்றால் சங்கமும் களமும் இருந்து என்ன பயன்? 2022-இல் எஸ்டஸ் என்ற நிறுவனம் அதை வாங்கியது. பிள்ளைகள் விடும் மாதிரி ராக்கெட் செய்கிற கம்பெனி அது. அந்த ராக்கெட்டுகளின் எஞ்சினிலும் கருமருந்துதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்க மத்திய அரசின் 1968 துப்பாக்கிச் சட்டம், 1898 வரை செய்தவற்றையும், கருமருந்துக்கென்றே செய்த, தோட்டா போட முடியாத மஸில்லோடர்களையும் ‘பழந்துப்பாக்கி’ என்று தனியே வைக்கிறது. பழந்துப்பாக்கியில் விளையாட்டுக்காகப் பயன்படுத்த 50 பவுண்டு வரை கருமருந்து வைத்துக்கொள்ளவும் மத்தியச் சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் மாநிலச் சட்டங்கள் வேறு வேறு. சிலவற்றில் கட்டுப்பாடு அதிகம். வேலை விசாவில், மாணவர் விசாவில் இருப்பவர்கள் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி மஸில்லோடருக்கும் உரிமம் வேண்டும். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையும் கிடையாது. இங்கே படித்ததை வைத்து ஊரில் எதையும் முயல வேண்டாம்.

நம் பக்கத்தில் இந்த மரபு எங்காவது மரியாதையோடு இருக்கிறதா?

குடகில் இருக்கிறது. கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் (அங்கே வழிவழியாக வரும் பரம்பரை நிலம்) வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கி உரிமத்திலிருந்து பிரிட்டிஷ் காலம் முதல் விலக்கு உண்டு. மத்திய அரசு அதை 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு, 2029 வரை, நீட்டித்தது. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கயில்பொளுது பண்டிகையில் துப்பாக்கிகளைத் துடைத்து, வரிசையாக வைத்து, பூ வைத்து வணங்குவார்கள். நம் ஆயுத பூஜை போலத்தான். அந்தப் பூவை அவர்கள் ‘தோக் பூ’, அதாவது துப்பாக்கிப் பூ என்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, நம் செங்காந்தள். தோக், துவக்கு, துப்பாக்கி எல்லாமே ஒரே துருக்கிச் சொல்லின் பிள்ளைகள்.

தமிழ்நாட்டில் பழைய துப்பாக்கிகளைப் பார்க்க வேண்டுமானால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றைச் செய்த கைகளைப் பற்றி நாம் எழுதிவைக்கவே இல்லை. நரிக்குறவர் முதியவர்களிடம் இன்றும் குழல், மருந்து, ரவை பற்றிய அறிவு இருக்கிறது. சுட வேண்டாம், அந்தப் பேச்சையாவது யாராவது பதிவு செய்துவைக்க வேண்டும். போர்ட்ஸ்மவுத்தில் 1931-இல் செய்ததும் முதலில் இதைத்தான்: முதியவர்களை ஓரிடத்துக்கு வரவழைத்தார்கள்.

துப்பாக்கி வாங்காமல், பார்க்க மட்டும் போகலாமா?

தாராளமாக. ஃப்ரெண்ட்ஷிப்பில் பார்வையாளர்கள் வருவது வழக்கம்தான். சின்சினாட்டியிலோ இண்டியானாபொலிஸிலோ இருப்பவர்கள் காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். கைபேசி சிக்னலை ரொம்ப நம்ப வேண்டாம், வழியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை அழைத்துப்போனால் காதடைப்பு அவசியம். கயிறு கட்டிய கோட்டைத் தாண்டக்கூடாது. யாராவது துப்பாக்கியை நிரப்பிக்கொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்; அளவு மறந்து இரண்டு முறை கொட்டிவிடுவார்கள். சுட்டு முடித்துத் துடைக்கும்போது கேளுங்கள், பெரும்பாலோர் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

‘ஒரு குண்டு சுட்டுப் பார்க்கிறீர்களா?’ என்று அவர்களே கேட்பதும் உண்டு. பாலியஸ்டர், நைலான் சட்டையில் பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டும். பருத்திச் சட்டை, கண்ணாடி, காதடைப்பு மூன்றும் இருந்தால் சரி என்று சொல்லிவிடுங்கள்.